தடநூல் காண்டிகை

பாயிரம்

மாட்டு நோய்க்கு வாகடம் உண்டு. பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன் என்று சொல்லச் சாத்திரம் உண்டு. ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தடத்தில் ஒரு பாறாங்கல்லை உருட்டிவிட்டுப் போய்விட்டால், விடிந்ததும் பால் கேனை எந்த வழியாகச் சொசைட்டிக்குக் கொண்டுபோவது என்பதற்கு மட்டும் தமிழில் நூல் இல்லை. அந்தக் குறையை நீக்கவே தடநூல் செய்யத் துணிந்தேன்.

சிறப்புப் பாயிரம் என்றால் எட்டுச் செய்தி இருக்க வேண்டும் என்பது நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும். அந்த எட்டில் இரண்டு, வழியும் எல்லையும். மற்ற நூல்களில் அவை முகப்போடு முடிந்துபோகும். இந்த நூலில் அவற்றைத் தவிர வேறு சரக்கே இல்லை. கேட்போர் யார் என்றும் சொல்ல வேண்டும். தாலுக்கா ஆபீஸ் வேப்பமரத்தடியில் கையில் மனுவோடு காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர்கள். ஆக்கியோன் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். அகத்திணையில் தலைவன் தலைவிக்குப் பெயர் சூட்டக் கூடாது என்பது விதி. தட வழக்கும் ஒருவகை அகத்திணைதான். இதில் வருகிற எல்லோரும் சொந்தக்காரர்கள், நாளைக்கு ஒரே கல்யாணப் பத்திரிகையில் பக்கத்துப் பக்கத்தில் பேர் வர வேண்டியவர்கள். ஊர், ஈரோடு மாவட்டத்தில் கீழ்பவானி வாய்க்கால் பாய்கிற ஊர்களில் ஒன்று. அதற்கு மேல் அடையாளம் வேண்டாம்.

பெயரியல்

தடமெனப் படுவது தன்நிலம் அடையப்
பிறன்நிலம் மிதித்துப் பெயரும் நெறியே.

இது தலைச்சூத்திரம். பிறன் நிலத்தை மிதிக்காமல் வீடு போய்ச் சேர முடிந்தால் அது ரோடு. அதற்குப் பஞ்சாயத்து தார் போடும், அல்லது போடாது. அந்த ஆராய்ச்சி இந்த நூலுக்குப் புறம்பு. 'மிதித்து' என்ற சொல்லை ஆசிரியர் வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார். நடக்கிறவர் 'போகிறேன்' என்பார், நிலத்துக்காரர் 'மிதிக்கிறான்' என்பார். ஒரே கால், ஒரே மண். வினை மட்டும் இரண்டு.

கொங்கு நாட்டில் இதற்குத் தடம் என்று பெயர். இரண்டு பக்கமும் கிளுவை வேலி அடர்ந்து, நடுவில் வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளம் மட்டும் தெரிந்தால் இட்டேரி. யாழ்ப்பாணத்தில் ஒழுங்கை என்கிறார்கள். வேலிச் சண்டைக்குப் பேர்போன ஊரில் அதற்கு ஒழுங்கை என்று எப்படிப் பெயர் வந்தது என்பதைச் சொல்லாராய்ச்சியாளர்களுக்கு விட்டுவிடுகிறேன். காவிரிப் பக்கம் நடவு ஆட்கள் வரப்பில் ஒருவர் பின் ஒருவராகப் போய்விடுவார்கள். அறுவடை எந்திரம் வந்த பிறகுதான் அங்கே இந்தச் சாத்திரத்துக்குத் தேவை வந்தது, எந்திரம் வரப்பில் நடக்காது. சென்னையில் இதன் பெயர் காமன் பாசேஜ். அங்கே அகலம் ஒரு புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு அரை அடி குறைவாக இருக்கும்.

பத்திரத்தில் எழுதும்போது இது 'மாமூல் தடபாத்தியம்' ஆகிவிடுகிறது. மாமூல் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் இரண்டு பொருள். தட வழக்கு முடிவதற்குள் இரண்டும் விளங்கிவிடும்.

அரசாங்கத்துக்கும் ஒரு சொல் உண்டு. 1882-ஆம் வருசத்துச் சட்டம் ஒன்று, ஈஸ்மெண்ட் சட்டம் என்று கோர்ட்டில் சொல்வார்கள், தமிழில் வசதியுரிமை. அந்த வருசம் ஜூலை 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தபோது சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு என்று மூன்று இடத்துக்கு மட்டும்தான். வங்காளத்துக்கு இல்லை, பம்பாய்க்குக்கூட இல்லை. தடத்தகராறில் முதல் பந்தியில் உட்கார வைக்கப்பட்டவர்கள் நாம். அந்தச் சட்டம் உருவான காலத்தில் வைசிராய் சபையில் சட்ட உறுப்பினராக இருந்தவர் விட்லி ஸ்டோக்ஸ், பழைய ஐரிஷ் சுவடிகளைப் பதிப்பித்த மொழியறிஞர். நம் வரப்புச் சண்டைக்குச் சுவடி ஆராய்ச்சிக்காரர் ஒருவர் முன்பே காவல் இருந்திருக்கிறார் என்பதில் இந்நூலாசிரியருக்கு ஒரு சின்னத் திருப்தி.

அந்தச் சட்டம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. நடக்கிறவன் நிலம் ஆளும் நிலம். நடக்கவிடுகிற நிலம் அடங்கும் நிலம். மண்ணும் தன்னுடையது, கிஸ்தி கட்டுவதும் தான், பட்டாவும் தன் பெயரில், அப்படியிருக்கத் தன் நிலம்தான் 'அடங்கும்' நிலம் என்று வக்கீல் விளக்கியபோது எங்கள் தட வழக்கில் எதிர்த்தரப்பான பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். பாதிச் சண்டை இந்தப் பெயரால் வந்தது என்பது என் துணிபு.

விகாரவியல்

சொற்கள் சேரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று விகாரம் வரும் என்று பள்ளியில் படித்தோம். நிலங்கள் சேருகிற இடத்திலும் அதே மூன்றுதான்.

தோன்றல். முதலில் ஆடு போகும். ஆட்டைத் தேடி ஆள் போவார். குறுக்கே போனால் பள்ளிக்கூட மணி அடிப்பதற்குள் போய்விடலாம் என்று பிள்ளைகள் கண்டுபிடிப்பார்கள். மூன்றாம் வருசம் புல் முளைக்காது. புல் முளைக்காத இடத்தைப் பார்த்து யாரோ ஒருவர் 'அதான் வழி இருக்குதில்ல' என்பார். தடம் தோன்றிவிட்டது. இன்னொரு தோன்றல் மனைப்பிரிவு நோட்டீசில் நடப்பது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் ரோடுகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். அங்கீகாரம் இல்லாததில் நோட்டீசில் முப்பதடி ரோடு பச்சை மரங்களோடு தோன்றும், பட்டா மட்டும் பழைய நிலத்துக்காரர் பெயரிலேயே தூங்கிக்கொண்டிருக்கும். 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான அப்படிப்பட்ட மனைகளை வரன்முறை செய்ய 2017-ல் அரசு விதி கொண்டுவந்தது. வரன்முறைக்குள் வராமல் நிற்கிறவற்றில், இருபது வருசம் கழித்துப் பேரன் வந்து ரோட்டின் நடுவில் முள்கம்பி நட்டு, 'இது எங்க தாத்தா பட்டா' என்பான். பட்டாவைப் பார்த்தால் அவன் சொல்வது உண்மையாகவும் இருக்கும்.

திரிதல். இதற்கு ஏர் போதும். தடத்தை ஒட்டி உழும்போது வருசத்துக்கு ஒரு சால் உள்ளே தள்ளி ஓட்டினால் கேட்பாரில்லை. ஒரு சாலுக்காக எவன் சண்டை போடுவான்? பத்து வருசத்தில் வண்டித்தடம் ஒத்தையடித் தடமாகிவிடும். இலக்கணத்தில் இதற்கு மரூஉ என்று பெயர். தஞ்சாவூர் தஞ்சை ஆனதைப் போல, எட்டடி மூன்றடி ஆகியிருக்கும். தஞ்சை என்று சொன்னால் யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை என்பது ஒன்றே வேற்றுமை.

கெடுதல். இருபது வருசம் ஒரு தடத்தை மிதிக்காமல் விட்டால் உரிமை கெடும் என்று சட்டம் சொல்கிறது. வேறு வழியே இல்லை என்பதற்காகப் பெற்ற உரிமையாக இருந்தால், வேறு வழி பிறந்த அன்றைக்கே கெடும். பத்திரத்தில் எழுதிக் கொடுத்த உரிமை மட்டும் வேறு வழி பிறந்ததால் கெடாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2006-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அவசியத்தால் வந்தது அவசியத்தோடு போகும், கொடையால் வந்தது அவசியம் போனாலும் நிற்கும். இந்த வரியை வாசகர்கள் நினைவில் வைக்கவும், பின்னால் எங்களைக் காப்பாற்றப் போவது இதுதான்.

அடைப்பியல்

கல்லே முள்ளே கட்டுத் தறியே
சாணக் குவியல் சாய்த்த வண்டி
நாயே கோயில் நட்ட மரமே
எட்டென மொழிப அடைப்பின் வகையே.

கல்லும் முள்ளும் கற்றுக்குட்டிகளின் வேலை. கல் போட்டால் படம் எடுப்பார்கள், போலீசில் புகார் எழுதுவார்கள், கல் போட்டவர் மாட்டிக்கொள்வார். கைதேர்ந்தவர் கட்டுத்தறி நடுவார். எருமை படுத்திருக்கிறது, எழுப்பினால் பால் குறையும். எருமை மேல் யார் வழக்குப் போடுவது? சாணக் குவியலும் சாய்த்த வண்டியும் அதே மரபு, எதற்கும் 'நாளைக்கு எடுத்துர்றனுங்க' என்ற விடை தயாராக இருக்கும். நாயைப் பற்றி விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. போஸ்ட்மேன்கள் சொல்வார்கள்.

மரம் மெதுவான அடைப்பு. தடத்தின் ஓரத்தில் ஒரு வேப்பங்கன்று நட்டால் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள், நிழல்தானே என்பார்கள். பதினைந்து வருசத்தில் அது தடத்தின் நடுவில் நிற்கும். மரம் நகரவில்லை. தடம் நகர்ந்திருக்கும்.

எட்டிலும் தலையானது கோயில். ஏழு கல்லை நட்டு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தால் கன்னிமார். அதற்குப் பிறகு அந்த இடத்தில் டிராக்டர் ஓட்ட எந்த டிரைவரும் வர மாட்டார். சர்வே கல்லைப் பிடுங்குவது 1923-ஆம் வருசத்து நில அளவை, எல்லைகள் சட்டப்படி குற்றம். அதே கல்லுக்கு மஞ்சள் பூசினால் என்ன குற்றம் என்று அந்தச் சட்டம் எழுதியவர்கள் யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம்.

அடைப்பின் ஒன்பதாம் வகை ஒன்றைச் சூத்திரம் சொல்லாமல் விட்டது. அது அடைக்காமல் அடைப்பது. மழையில் தடம் பள்ளமாகிவிட்டால் யாராவது இரண்டு லோடு கிராவல் கொட்ட வேண்டும். நடக்கிறவர் கொட்டினால் 'பார், என் தடம், நான்தான் பராமரிக்கிறேன்' என்று சாட்சி ஆகிவிடும், அதனால் நிலத்துக்காரர் விட மாட்டார். நிலத்துக்காரர் கொட்டினால் தடம் இருப்பதை ஒத்துக்கொண்டது ஆகிவிடும், அதனால் அவரும் கொட்ட மாட்டார். சட்டப்படி பராமரிப்பது நடக்கிறவர் பாடு. ஆனால் எங்கள் தடத்தில் ஐப்பசி மாதத்தில் இரண்டு குடும்பமும் தண்ணீரில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகும், ஒரு கூடை மண்ணை யாரும் போட மாட்டோம்.

சான்றியல்

புள்ளி வைத்த எழுத்துக்கு மெய் என்று பெயர் வைத்தவர்கள் தீர்க்கதரிசிகள். கிராம வரைபடத்தில் இரண்டு புள்ளிக்கோடு இணையாக ஓடினால் அங்கே வண்டித்தடம் இருந்தது மெய். இல்லாவிட்டால் நூறு கிழவர்கள் வந்து சத்தியம் செய்தாலும் பொய்யில் பாதி. பழைய புலப்படத்தில் அளவெல்லாம் லிங்க்ஸ் கணக்கில் இருக்கும். அறுபத்தாறு அடிச் சங்கிலியில் நூற்றில் ஒன்று ஒரு லிங்க்ஸ், எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை அடியாக்கி, அடியை மீட்டராக்கி, மீட்டரை மறுபடி அடியாக்கும்போது ஒவ்வொரு தரமும் அரை விரற்கடை எங்கேயோ போய்விடும். யாருக்குப் போகிறது என்று மட்டும் இரண்டு தரப்புக்கும் உறுதியாகத் தெரியும்.

சர்வேயர் வந்த அன்று மூலைக்கல் ஒன்றைக் காணோம். வாய்க்கால் ஓரம், களத்து மேடு, மாட்டுச் சாலை என்று தேடி, கடைசியில் எங்கள் வீட்டுத் துணி துவைக்கிற கல்லைப் புரட்டிப் பார்த்தார். அடியில் அம்புக்குறி இருந்தது. அதை யார், எந்தக் காலத்தில் கொண்டுவந்து போட்டார்கள் என்று எங்களுக்கும் தெரியாது. முப்பது வருசமாக எல்லையின் மேல்தான் சோப்புப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த உதறலுக்கு ஆயிரம் வசவு தேவலை.

அடுத்து, கோர்ட்டு அனுப்பிய வழக்கறிஞர் கமிஷனர். சின்ன வயசு. எங்கள் பக்கம் இளநீர் வெட்டி வைத்திருந்தோம், அவர்கள் பக்கம் மோர் கரைத்து வைத்திருந்தார்கள். அவர் பையிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துத் தன் தண்ணீரையே குடித்தார். நீதிபதி ஆக வேண்டிய பிள்ளை. டேப்பின் ஒரு முனையை என் தம்பி பிடித்தான், மறுமுனையைப் பெரியப்பா மகன் பிடித்தான். இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், ஒரே டேப்பைப் பிடித்து ஐந்து வருசம் ஆகியிருந்தது. மூன்று இடத்தில் அளந்தார். தலைமாட்டில் ஏழடி நாலங்குலம், வேப்பமரத்தடியில் ஐந்தடி, கடைசியில் எட்டடி. 'மரத்துக்கு எத்தனை வயசு?' என்றார். எங்கள் பக்கம் பத்து என்றோம், அவர்கள் நாற்பது என்றார்கள். மரத்தைக் கட்டிப் பிடித்துச் சுற்றளவு எடுத்துக் குறித்துக்கொண்டார்.

வழக்கியல்

தமிழில் வழக்கு என்றால் மக்கள் பேசுகிற முறை. வழக்கு என்றால் கோர்ட்டில் நடப்பதும்தான். இந்த இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தது தற்செயல் இல்லை என்பதே இந்த இயலின் துணிபு. நீண்ட காலம் ஒரே மாதிரி நடந்தால் அதுவே விதியாகும், இலக்கணத்திலும் சரி, தடத்திலும் சரி. சட்டம் அதற்குக் கெடு இருபது வருசம் என்கிறது, அரசாங்க நிலமாக இருந்தால் முப்பது. ஆனால் எப்படி நடந்தாய் என்று ஒரு கேள்வி கேட்கிறது. சண்டை போடாமல், ஒளிக்காமல், இடைவிடாமல் நடந்திருக்க வேண்டும். அதோடு உரிமையோடும் நடந்திருக்க வேண்டும். இந்தக் கடைசிச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

கேட்டு நடந்தோன் கிழமை இழப்பன்;
கேளாது நடந்தோன் கிழவன் ஆவன்,
நால்ஐந்து யாண்டு நடந்தக் காலே.

கிழமை, உரிமை. கிழவன், உரியவன். கிழவன் என்பதற்கு இன்றைய பொருளைக் கொண்டாலும் இழுக்கில்லை, வழக்கு முடிவதற்குள் அதுவும் ஆகியிருப்பார். சூத்திரத்தின் கருத்து இது. 'கொஞ்சம் வழி விடுங்க' என்று கேட்டு நடந்தால் அது அனுமதி. அனுமதி எத்தனை தலைமுறை ஓடினாலும் உரிமையாக முற்றாது, கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளலாம். கேட்காமல், யார் என்ன நினைப்பார்கள் என்று திரும்பிப் பார்க்காமல் நடந்தவனுக்குத்தான் உரிமை முற்றும். மரியாதை தெரிந்தவன் தோற்பான் என்று ஒரு சட்டம் சொல்லுமா என்று கேட்காதீர்கள். சொல்லியிருக்கிறது, நான் கூண்டுக்கு வெளியே நின்று கேட்டேன்.

அப்பாவைக் குறுக்கு விசாரணை செய்த அன்று நடந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் பெரிய குரல்காரர் இல்லை, சிரித்த முகம்.

"இந்தத் தடத்துல எவ்வளவு காலமா போய் வர்றீங்க?"

"எங்கய்யன் காலத்துல இருந்துங்க."

"கரும்பாலை ஓட்டறப்ப பிரதிவாதி வீட்டுக்குப் பாகு குடுத்து விடறது உண்டா?"

அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "குடுக்காம இருப்பமுங்களா? எங்கம்மா இருந்த வரைக்கும் வருசம் தவறாம ஒரு தூக்குப்போசி போயிருமுங்க. வேற யாருக்கும் முன்னாடி அவங்களுக்குத்தான்."

"அது எதுக்குங்க?"

"தடம் உட்டிருக்காங்கல்லங்க."

எங்கள் வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். டைப்பிஸ்ட் அடித்த சத்தம் மட்டும் கேட்டது. அப்பாவுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை, நல்லபடியாகச் சொன்னோம் என்ற நிம்மதியோடு கூண்டிலிருந்து இறங்கினார். 'நடந்தோம்' என்றிருந்தால் உரிமை. 'விட்டார்கள்' என்றதும் அனுமதி. எழுவாய் மாறியது, இருபது வருசக் கணக்கு அதோடு அடிபட்டுப் போயிற்று. ஆத்தா கொடுத்தனுப்பிய பாகு, ஒவ்வொரு தூக்குப்போசியும், எங்களுக்கு எதிரான சாட்சி.

இனி இடக்கரடக்கல். சபையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது என்று இலக்கணம். வழக்கு மனுவில் 'பிரதிவாதி சட்ட விரோதமாக இடையூறு செய்கிறார்' என்று எழுதியிருந்தோம். உண்மை வேறு. நாங்கள் புது வீடு கட்டினோம். செங்கல் லாரி, மணல் லாரி, கம்பி ஏற்றிய டெம்போ என்று எட்டு மாதம் அந்தத் தடத்தில் போயிற்று. பெரியப்பா வீட்டுக் களத்தில் வேகவைத்துக் காயப்போட்ட மஞ்சள் மேல் புழுதி படிந்தது. பெரியம்மா இரண்டு தரம் சொல்லி அனுப்பினார். கிரகப்பிரவேசப் பத்திரிகை வைக்க அப்பாவும் அம்மாவும் போகாமல் தம்பியை பைக்கில் அனுப்பினோம், வேலை அதிகம் என்று. அடுத்த வாரம் கல் வந்தது.

வழக்கு நடந்துகொண்டிருந்த நடுவில் ஒரு கருமாதி வீட்டில் பெரியப்பா பக்கத்தில் உட்கார நேர்ந்தது. இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு வார்த்தை கேட்டிருந்தா உடாமயா போயிருவேன்?"

இதை வக்கீலிடம் சொன்னேன். 'தப்பித் தவறிக் கேட்டுறாதீங்க' என்றார். 'கேட்டா அனுமதி ஆயிரும்.' அவருக்கு அப்படித்தான் சொல்ல வேண்டும், சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கேட்டால் கொடுக்கத் தயாராக இருந்த மனிதரிடம் கேட்கக் கூடாது என்று சட்டமே சொல்லித்தருகிறது. அவருடைய வக்கீலும் அவரிடம் அதைத்தான் சொல்லியிருப்பார்: 'உட்டுறாதீங்க, உட்டா உரிமை ஆயிரும்.' ஊரில் நல்ல மனசோடு வழிவிட்டிருந்த ஆட்கள் திடீரென்று கம்பி நட ஆரம்பித்ததை நான் பார்த்திருக்கிறேன். மனசு கெட்டுப்போகவில்லை, சட்டம் தெரிந்துபோயிற்று, அவ்வளவுதான்.

குழூஉக்குறி பற்றிச் சில வரிகள். கல் விழுந்த அன்று முதலில் ஓட வேண்டியது முன்சீப் கோர்ட்டுக்கா, ஆர்.டி.ஓ. ஆபீசுக்கா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆர்.டி.ஓ.விடம் போகிற குற்ற நடைமுறைச் சட்டப் பிரிவைப் பழைய ஆட்கள் 'நூத்திநாப்பத்தேழு' என்பார்கள், 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் அதன் எண் 166. வழி, தண்ணீர் உரிமையில் சண்டை வந்து அமைதி கெடும் என்றால் நிர்வாக நடுவர் விசாரிக்கலாம். ஆனால் வருசம் முழுக்க நடக்கிற தடமாக இருந்தால், கடைசி மூன்று மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். கல் போட்டபின் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நாலு மாதம் பொறுமையாக இருந்தவருக்கு அந்தக் கதவு அடைந்துவிடும். இங்கேயும் பொறுமைக்காரர்தான் தோற்கிறார், சூத்திரம் வழுவவில்லை.

புறனடை

வகைப்பாட்டில் அடங்காததைப் புறனடையில் சொல்ல வேண்டும் என்பது முறை. 2019 ஆகஸ்டில், வாணியம்பாடிக்குப் பக்கத்தில் நாராயணபுரத்தில், தலித் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டில் இறந்தவர் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கியது. சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இருந்த நிலத்தை அதன் சொந்தக்காரர்கள் வேலி போட்டு அடைத்திருந்தார்கள். அந்தக் காட்சி வெளியே வந்தபின் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

பட்டா, வேலி, தனிச்சொத்து என்று மேலே சிரித்துக்கொண்டே சொன்ன சொற்கள்தான் அங்கேயும் இருந்தன. ஆனால் அது பங்காளிச் சண்டை இல்லை, அதற்குத் தகராறு என்றே பெயர் வைக்கக் கூடாது. எங்கள் பெரியப்பாவிடம் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அங்கே கேட்டாலும் கிடைக்காது, கேட்காமல் நடந்தாலும் விட மாட்டார்கள். இருபது வருசம் அமைதியாக, வெளிப்படையாக, உரிமையோடு நடந்து காட்டு என்கிற சட்டத்தை, நடக்கவே விடாத இடத்தில் எந்தக் காலால் நிரூபிப்பது? பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சுடுகாட்டையும் பாதையையும் மறுப்பது 1989-ஆம் வருசத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், வசதியுரிமைக் கணக்கு அதற்குத் தேவையில்லை. திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகியது என்று புராணம். விலகியது நந்திதான், வாசலில் நின்றவர்கள் இல்லை.

சமாதானவியல்

இந்த இயலின் ஏடுகள் செல்லரித்துவிட்டன.

ஒழிபியல்

எங்களைக் காப்பாற்றியது பாட்டன் காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் எங்கள் பாகத்துக்கு 'மாமூல் வண்டித்தட பாத்தியம் உட்பட' என்று ஒரு வரி இருந்தது. கொடையால் வந்த உரிமை அவசியத்தைக் கேட்காது, பாகுக்கும் அசையாது. தடம் உண்டு என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. கல்லும் எடுத்தாயிற்று. இப்போது மேல்முறையீட்டில் நிற்பது ஒரு சொல், 'வண்டி'. ஒருவகைத் தடவுரிமை இன்னொருவகைத் தடவுரிமையை உள்ளடக்காது என்பது சட்டம். எழுதிய காலத்தில் எங்கள் ஊரில் வண்டி என்றால் இரட்டை மாட்டு வண்டி. இன்றைக்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியும் வண்டிதான் என்கிறது எங்கள் தரப்பு. நூற்றாண்டுத் தமிழகராதியைக் கோர்ட்டில் தாக்கல் செய்யலாமா என்று வக்கீலிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நிலம் வாங்குகிறவர்களுக்கும் பாகம் பிரிக்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். நான்கெல்லை எழுதும்போது தடத்தையும் தனி எல்லையோடு எழுதச் சொல்லுங்கள். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை அடி அகலம், நடைக்கா மாட்டுக்கா லாரிக்கா, மண் கொட்டுவது யார் என்று எல்லாவற்றையும் எழுதி, ஒரு வரைபடமும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். 'மாமூல்' என்று பத்திரம் எழுதுகிறவர் ஆரம்பித்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். கையெழுத்துப் போட்டு முடித்தபின் பாகு கொடுத்தனுப்பலாம், அதற்குப் பிறகு அது வெறும் பாகுதான்.

எங்கள் பத்திரத்தில் அகலம் எழுதவில்லை.